பின்கண்ணாடியைப் பற்றிய பிரமைகள்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலம், வானூர் வட்டாரத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் லாரிகளும், முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு சுமந்து செல்லும் டிராக்டர்களும், சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே இரவு பகலாக ஓடும் பேருந்துகளும் கார்களும் கலந்து செல்வதால், கண்ணாடி உடைந்த வண்டி ஒன்று பட்டறை வாசலில் நிற்பது அவ்வூர்களில் யாருக்கும் விசேஷமான காட்சி அன்று. ஆயினும், முன்கண்ணாடியைப் பற்றி ஓரளவு விஷயம் தெரிந்தவர்கள்கூடப் பின்கண்ணாடி என்று வரும்போது, ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டு வழிவழியாக வந்த சில அபிப்பிராயங்களையே பிரமாணமாகக் கொண்டுவிடுகிறார்கள். அவற்றுள் சில வீண் செலவோடு நின்றுவிடுபவை. சில, காரில் அமர்ந்திருப்பவரின் உயிருக்கே அபாயம் விளைவிக்கக் கூடியவை.

எல்லாவற்றிலும் அதிகமாகப் பரவியிருப்பது வெயிலைப் பற்றிய நம்பிக்கை. கத்திரி வெயிலில் நாள் முழுவதும் நின்ற காரின் பின்கண்ணாடி, யாரும் தொடாதபோதே படீரென்று உதிர்ந்துவிட்டால், வெயில்தான் வெடிக்க வைத்தது என்று வண்டிக்காரரும் சொல்கிறார். சுற்றி நிற்பவர்களும் ஆமோதிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கார்களின் பின்கண்ணாடி, பட்டறைக்காரர்கள் 'டஃபன்ட் கிளாஸ்' என்று வழங்கும் கடினமாக்கப்பட்ட கண்ணாடி. வேண்டிய அளவுக்கு வெட்டி, வளைத்து, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சிய கண்ணாடியின் இருபுறமும் குளிர்ந்த காற்றை வேகமாகப் பாய்ச்சும்போது மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. பின்னால் ஆறும் உட்பகுதி சுருங்க முயன்று அந்த மேற்பரப்பைத் தன் பக்கம் இழுக்கிறது. இவ்வாறு மேலே அமுக்கமும் உள்ளே இழுவையும் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்பதனால், அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு பலம் அதற்கு உண்டாகிறது. சாதாரணக் கண்ணாடி, தன் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையே சுமார் 40 டிகிரி உஷ்ண வித்தியாசம் ஏற்பட்டாலே விரிசல் காணும். இதுவோ ஏறத்தாழ 200 டிகிரி வித்தியாசத்தையும் தாங்க வல்லது. விழுப்புரத்துச் சித்திரை மாதம் எவ்வளவு கடுமையானதாயினும், பூட்டி வைத்த காரின் உஷ்ணம் இந்த எல்லைக்கு அருகில்கூட வருவதில்லை.

அப்படியானால் தொடாத கண்ணாடி ஏன் உதிர்கிறது? காரணம் பெரும்பாலும் அதன் விளிம்பில் இருக்கிறது. டிக்கியில் ஏற்றிய ஏணியோ, இரும்புக் கட்டிலின் காலோ, விதை நெல் மூட்டைக்குப் பக்கத்தில் செருகிய மண்வெட்டியோ கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கதவை அறைந்து சாத்தியிருப்போம். அப்போது விளிம்பில் விழுந்த சிறு காயம் கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, மெல்ல மெல்ல ஆழ்ந்து, உள்ளே இழுவை நிறைந்திருக்கும் பகுதியை எட்டும் கணத்தில் முழுக் கண்ணாடியும் ஒரே சமயத்தில் சிதறிவிடுகிறது. அந்தக் காயத்துக்கு வெயில் ஒரு கடைசி உந்துதலைத் தந்திருக்கலாமே தவிர, மூலகாரணம் அதுவன்று. வெயிலைக் குற்றம் சொல்லிவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டவர், அதே ஏணியை அதே விதமாக ஏற்றுவாராயின், அதே செலவு மறுபடியும் வந்து சேரும்.

"மட்டமான கண்ணாடி, அதனால்தான் பொடிப்பொடியாகப் போய்விட்டது" என்பது அடுத்த நம்பிக்கை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு; ஏனெனில், அந்தக் கண்ணாடி செய்த பெரிய உபகாரத்தையே அதன் குறையாக இங்கே சொல்லிவிடுகிறோம். சாதாரண ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீண்ட சில்லுகள் உண்டாகும். பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தையின் கழுத்தில் அவற்றுள் ஒன்று பட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. கடினமாக்கிய கண்ணாடியோ, கற்கண்டுத் துண்டுகளைப் போல முனை மழுங்கிய சிறு சிறு கட்டிகளாக உதிர்கிறது. சிராய்ப்பு ஏற்படுமே ஒழியப் பெருங்காயம் அரிது. உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் விட்டால், அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாமல், வாலை ஒடித்த மாத்திரத்தில் முழுவதும் தூளாகிவிடும் என்ற விந்தையை ஐரோப்பியர் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு, இளவரசர் ரூப்பர்ட்டின் பெயரால் அத்துளிகளை அழைத்தார்கள். அந்த விந்தையில் அடங்கியிருந்த தத்துவமே இன்று காரின் பின்னால் நம்மைக் காத்து நிற்கிறது. முன்கண்ணாடியின் தத்துவம் வேறு: பிரெஞ்சு ரசாயன அறிஞர் எடுவார் பெனெடிக்டஸ் 1909-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழி வந்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலத்தை வைத்து ஒட்டிய 'லேமினேட்டட்' கண்ணாடி அது, உடைந்தாலும் உதிராமல் நின்று, ஓட்டுபவருக்கு எதிர்க்காற்றையும் கல்லையும் தடுக்கிறது.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது பலருக்கு நினைவிருக்கும். தண்ணீரில் சிக்கிய காரின் கதவு திறக்காதபோது வெளியேறும் வழியாகப் பயன்படக் கூடியவை இந்த உதிரும் கண்ணாடிகளே. இருக்கையின் தலைச்சாய்வு கண்ணாடியை உடைப்பதற்காகவே கழற்றும்படி அமைக்கப்பட்டது என்று கைப்பேசிச் செய்திகள் சொல்வது சரியன்று; கழுத்தைக் காப்பதே அதன் வேலை. கூர்முனைச் சுத்தியல் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியின் நடுவில் அல்லாமல் மூலையில் அடிப்பதே பலன் தரும். முன்கண்ணாடியில் அந்தப் பிரயத்தனம் பெரும்பாலும் வீண்.

முன்கண்ணாடியில் விழுந்த சிறு புள்ளியைப் பிசின் நிரப்பிச் சரி செய்வதைப் பார்த்தவர்கள், பின்கண்ணாடிக்கும் அந்த வைத்தியம் உண்டு என்று எண்ணுகிறார்கள், கிடையாது. விரிசல் ஆழ்ந்தால் பின்கண்ணாடி முழுவதும் உதிர்ந்துவிடும். "வேறு வண்டியின் கண்ணாடியைக் கொஞ்சம் அறுத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்பதும் நடவாத காரியம். கடினமாக்கிய பிறகு அறுக்கவோ துளைக்கவோ முற்பட்டால் கையிலேயே சிதறும். செலவைக் குறைக்க வேண்டி, வீட்டு ஜன்னலுக்கு உபயோகிக்கும் சாதாரணக் கண்ணாடியையோ, அக்ரிலிக் தகட்டையோ அந்த இடத்தில் பொருத்துவோரும் உண்டு. அதை நான் கண்டிப்பாக மறுக்கிறேன். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் வாகனத்தில் பாதுகாப்புக் கண்ணாடியையே வற்புறுத்துகின்றன.

பொருத்தும் வேலையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு, "ஒட்டுவதுதானே, யார் செய்தால் என்ன?" என்ற கேள்வி எழாது. பழைய அம்பாசடர், ஆம்னி போன்ற வண்டிகளில் ரப்பர் பீடிங்கின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து மற்றொருவர் கயிற்றை மெல்ல உருவ உருவ, ரப்பரின் உதடு தகரத்தின் மேல் மடிந்து உட்காரும். கைப்பழக்கமே அங்கே எல்லாம். இக்காலத்து வண்டிகளில் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் ஒட்டப்படுகிறது. நல்ல தொழிலாளி முதலில் டிக்கியின் மூலைகளிலும், ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் சிதறிய துண்டுகளை உறிஞ்சியெடுக்கிறார். சட்டத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையில் பதிந்துள்ள கண்ணாடித் துணுக்குகளைக் கத்தியால் சீவி, பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மாத்திரம் விட்டுவைக்கிறார். புதிய பசைக்கு அதுவே நல்ல ஆதாரம். கத்தி பட்டுப் பெயிண்ட் உரிந்த இடங்களில் பிரைமர் தடவி உலர விடுகிறார். இதை விட்டுவிட்டால், மரக்காணம் வரை கடலோரம் பரந்த இந்த மாவட்டத்தின் ஈரக் காற்றில் அங்கே துரு பிடித்து, பசை நன்றாக இருந்தும் மழைநீர் உள்ளே கசியும். பிறகு பசையை இடையறாத ஒரே கரையாகச் சுற்றி இட்டு, இருவர் சேர்ந்து கண்ணாடியை ஒரே முறையில் நேராக வைக்கிறார்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டை அலங்காரத்துக்கு என்று நினைப்பது தவறு. சூரியனின் புறஊதாக் கதிர்கள் பசையைக் கெடுக்காமல் மறைப்பதே அதன் முக்கிய காரியம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டினால் பசை பிடிக்காது என்று வேலையைத் தை மாதம் வரை தள்ளிப்போடுவோர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது: இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே, நாளுக்குச் சில மில்லிமீட்டர் ஆழமாக இறுகுகிறது. ஒட்டும் இடம் உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. மழை படாத கொட்டகை ஒன்று போதும். வண்டியை எப்போது எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறுபடுவதால், அதன் உறையில் குறித்த நேரத்தைக் கேட்டு அறிந்துகொள்வது அவசியம். முதல் நாள் ஒரு பக்கக் கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தால், கதவைச் சாத்தும்போது உள்ளே அடைபடும் காற்று புதிய ஒட்டைத் தள்ளாது.

பின்கண்ணாடியில் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் பனி நாட்டுக்கு உரியவை, நமக்கு எதற்கு என்று, டிஃபாகர் என்னும் அந்தச் சூட்டுக் கோடுகள் இல்லாத கண்ணாடியைச் சம்மதித்து வாங்குவது மற்றொரு தவறு. அடைமழையில், நான்கு பேர் மூச்சு விடும் காருக்குள் ஆவி படிந்து பின்பார்வை மறைவது நம் ஊரில்தான் அதிகம். பொருத்தியவுடன் அதன் மின் இணைப்பைப் போட்டு, கண்ணாடி சூடேறுகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துப் பிறகு பணம் கொடுக்கலாம்.

கம்பெனிக் கண்ணாடி அல்லாத எதுவும் போலி என்பதும் மிகை. வெளிச்சந்தைக் கண்ணாடி எல்லாம் ஒன்றே என்பதும் அவ்வாறே. திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் வழியிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரிலேயே, 2000-ஆம் ஆண்டு முதல் செயிண்ட்-கோபைன் தொழிற்சாலையில் கண்ணாடி உற்பத்தியாகிறது. கண்ணாடியின் மூலையில் உற்பத்தியாளர் பெயரும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் அழியாமல் பதிந்திருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. ஒன்றும் பதியாத கண்ணாடியை விலை எவ்வளவு குறைவாயினும் திருப்பிவிடுங்கள்.

புதுக் கண்ணாடி வரும் வரை பாலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது அபாயகரமான நம்பிக்கை. ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாவதால், திறந்த அல்லது கிழிந்த பின்வழியாகப் புகைக்குழாயின் நச்சுப்புகை உள்ளே இழுக்கப்படக் கூடும்; அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பட்டறை வரைக்கும் ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், முன்புறத்திலிருந்து வெளிக்காற்று வரும்படி விசிறியை வேகமாக வைத்து, தாளை நெருக்கமாக ஒட்டிச் செல்ல வேண்டும்.

புதுக் கண்ணாடி போட்ட கையோடு கறுப்பு ஃபிலிமும் ஒட்டிவிடும் வழக்கத்தைக் குறித்து ஒரு வார்த்தை. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடுத்தது. பின்னர் விதி திருத்தப்பட்டு, 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் அளவுக்கு உட்பட்ட படலத்தை அனுமதித்த போதிலும், முன்னும் பின்னும் குறைந்தது 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற அளவு மாறவில்லை.

கடைசியாக, "இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்ற நிம்மதி. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு, தம் காரின் கண்ணாடிக்காக ஒரு பைசாவும் கிடைக்காது. முழுமையான பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை என்பது உண்மையே. ஆனால் 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2000 ரூபாயும் உடையவர் கட்டாயமாக ஏற்க வேண்டும். உரிமை கோராமல் இருந்ததற்காக 20 முதல் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் பிரீமியச் சலுகையும், அதைக் காக்கும் தனி ஒப்பந்தம் இல்லையென்றால், அடுத்த ஆண்டு போய்விடும். சிறிய காரின் கண்ணாடிக்காக அந்தச் சலுகையை இழப்பதைக் காட்டிலும், கைப்பணம் கொடுத்து மாற்றிவிடுவதே சில சமயங்களில் லாபமாக இருக்கும். இரண்டையும் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கோருவதென்று தீர்மானித்தால், உதிர்ந்த துண்டுகளைப் பெருக்குவதற்கு முன்பே படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகு வண்டியைப் பட்டறையில் விட வேண்டும்.