சுழலும் மோட்டார் ஏன் எரிவதில்லை?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

சென்ற ஆண்டு பொங்கலுக்கு முன்தினம் எங்கள் வீட்டு மிக்சி எரிந்துபோயிற்று. தேங்காய்த் துண்டுகளில் கத்தி சிக்கிக்கொண்டது. சுற்றாமல் உறுமியது. நான் சுவிட்சை அணைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சில நொடிகளில் புகை வந்தது. காயிலைப் புதிதாகச் சுற்றுவதற்கு என் தந்தையாரின் இரண்டு நாள் கூலி செலவாயிற்று.

"நீதான் காலேசுல கரண்டப் பத்திப் படிக்கிறியே, இது ஏன் கருகிச்சின்னு சொல்லேன்" என்று அப்பா கேட்டார். "சூடாகிவிட்டது" என்றேன். "அதுதான் எனக்கே தெரியுமே" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இவ்வாண்டு மின்னியல் பாடத்தில்தான் அது கிடைத்தது.

மோட்டார் இயங்கும் விதம்

காந்தப் புலத்தில் வைத்த கம்பியில் மின்னோட்டம் செலுத்தினால் அக்கம்பியின்மீது ஒரு விசை செயல்படும். விசையின் திசையை ஃபிளெமிங்கின் இடக்கை விதியால் அறியலாம். கம்பியைச் செவ்வகச் சுருளாக்கி இரு காந்த முனைகளுக்கு நடுவே வைத்தால், ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் தள்ளப்படும், சுருள் திரும்பும். ஆனால் அரைச் சுற்று முடிந்ததும் பக்கங்கள் இடம் மாறிவிடுகின்றன. மின்னோட்டத்தின் திசை மாறாவிட்டால் விசை சுருளைப் பின்னுக்கு இழுக்கும்; சுருள் சற்று ஆடி நின்றுவிடும்.

இதைத் தவிர்க்கவே திசைமாற்றி உள்ளது. ஒரு செம்பு வளையத்தை இரண்டாகப் பிளந்து, சுருளின் முனைகளை இரு பாதிகளிலும் இணைத்திருப்பார்கள். அவற்றின்மேல் கார்பன் தூரிகைகள் உரசி நிற்கும். ஒவ்வோர் அரைச் சுற்றிலும் பாதிகள் தூரிகை மாறுவதால் சுருளில் மின்னோட்டம் திசை மாறுகிறது. சுழற்சியோ ஒரே திசையில் தொடர்கிறது. நடைமுறையில் பல சுருள்களும் பல செம்புத் துண்டுகளும் இருக்கும்.

டைனமோவும் இதுவே

கம்பி காந்தப் புலத்தை வெட்டிச் செல்லும்போது அதில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது என்பதை 1831-ல் ஃபாரடே கண்டார். எனவே அதே சுருளை நாம் கையால் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். சுருளுக்குள் அது மாறுதிசையாக இருந்தாலும் திசைமாற்றி அதை வெளிச்சுற்றில் ஒரே திசையில் அனுப்புகிறது. 1832-ல் பாரிஸ் நகரில் பிக்சி என்பவர் செய்த கைச்சுழல் இயந்திரத்தில் ஆம்பியரின் யோசனைப்படி திசைமாற்றி சேர்க்கப்பட்டது. 1873-ல் வியன்னா பொருட்காட்சியில் கிராம் என்பவரின் டைனமோ ஒன்று தந்த மின்சாரத்தால், அதே வகையான மற்றொரு டைனமோ மோட்டாராகச் சுழன்றது. இரண்டும் ஒரே இயந்திரம் என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது.

எதிர்ப்பே காப்பு

இங்கேதான் அப்பாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. மோட்டார் சுழலும்போது அதன் சுருளும் காந்தப் புலத்தை வெட்டுகிறதல்லவா? ஆகவே அது அப்போதே டைனமோவாகவும் வேலை செய்கிறது. அதில் பிறக்கும் மின்னியக்கு விசை, நாம் செலுத்தும் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. இதற்கு எதிர் மின்னியக்கு விசை என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டு: மின்னழுத்தம் 220 வோல்ட், சுருளின் மின்தடை 1 ஓம், ஓடும்போது எழும் எதிர் மின்னியக்கு விசை 210 வோல்ட் என்க. எஞ்சுவது 10 வோல்ட். மின்னோட்டம் 10 ஆம்பியர். உட்செல்லும் 2,200 வாட்டில் 100 வாட் மட்டுமே சுருளில் வெப்பமாகிறது. மீதி 2,100 வாட் சுழற்சி ஆற்றலாக மாறுகிறது. இப்போது அச்சைப் பிடித்து நிறுத்துவோம். எதிர் மின்னியக்கு விசை சுழி. மின்னோட்டம் 220 ஆம்பியர்! சுருளில் 48,400 வாட் வெப்பம். எரியாமல் என்ன செய்யும்?

புறப்படும் கணத்திலும் மோட்டார் நின்றுதான் இருக்கிறது. அதனால் பெரிய மோட்டார்களைத் தொடக்கி மூலமே ஓட்டுவார்கள். தொடக்கத்தில் கூடுதல் மின்தடையைச் சேர்த்து, வேகம் ஏற ஏற அதை நீக்குவார்கள். சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிகளைப் போன்றவற்றில் ஓட்டுநர் கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பியது இதற்கே.

மிக்சியின் மோட்டார் வீட்டு மாறுதிசை மின்சாரத்தில் ஓடினாலும், திசைமாற்றியும் தூரிகையும் கொண்ட இதே இனத்தைச் சேர்ந்ததுதான். கணக்கு சற்று மாறும், காரணம் மாறாது. ஆய்வகத்தில் ஒரு சிறு மோட்டாரை அம்மீட்டருடன் இணைத்து, அச்சை விரலால் பிடித்துப் பார்த்தேன். முள் ஏறியது. விட்டதும் இறங்கியது.

அன்றிரவு இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். சமன்பாடு எழுதவில்லை. சற்று யோசித்து, "அப்போ, அது ஓடுறதுதான் அதுக்குக் காவல். புடிச்சு நிறுத்துனாத்தான் கருகும்" என்றார். ஒரு பக்கம் நான் எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நண்பர்களே, மிக்சி சிக்கினால் முதலில் சுவிட்சை அணையுங்கள். வகுப்பில் படித்ததை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்கினால்தான் நமக்கும் விளங்கியது என்று பொருள்.