ராஜபாளையம் நாய்க்கு எந்தக் கழுத்துப்பட்டை?

வன்னியம்பட்டிக்கு ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், மேற்கே மலை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரிய நாய் என்றால் வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் ராஜபாளையம்தான் முதலில் நினைவுக்கு வரும். 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாட்டு நாய் இனங்களில் இதுவும் ஒன்று. குட்டியை வாங்கும்போது தாய், தகப்பன், பல், வால் எல்லாம் விசாரிக்கிறவர்கள்கூட, கழுத்துக்கு மாட்டுவதைக் கடையில் தொங்குவதிலேயே தடியானதாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அங்கே தொங்குவதில் பெரும்பாலானவை லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நாய்களை மனத்தில் வைத்துச் செய்தவை. ராஜபாளையத்தின் கழுத்து வேறு, குணமும் வேறு. பழக்குவதற்குப் பட்டை தேடுகிறவர் இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கழுத்தும் குணமும்

தோள்வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் நிற்கும் நாய் இது. நீண்ட, தசை இறுகிய கழுத்து, ஒடுங்கிய தலை. தலை அகலமான நாய்களுக்குப் பெல்ட் காதுக்குப் பின்னால் தடுத்து நிற்கும். ராஜபாளையத்துக்கு அந்தத் தடுப்பு குறைவு. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களுக்கு இன்னும் குறைவு.

இதன் விளைவைத் தீபாவளி சமயத்தில் பார்க்கலாம். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் மனிதர்களுக்கு வெடிச்சத்தம் பழகிப்போயிருக்கும், நாய்க்கு அப்படியில்லை. நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு சரவெடி வெடித்தால் அது முன்னால் பாயாது. நான்கு காலையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, காதை மடக்கிப் பின்னால் நகரும். பெல்ட் அப்படியே உருவிக்கொண்டு வரும். அடுத்த நொடி பெல்ட் நம் கையில் இருக்கும், நாய் மதுரை–கொல்லம் சாலையில் நிற்கும்.

அடுத்தது தோல். ரோமம் குட்டை, தோல் மெல்லிசு. உராய்வைத் தாங்க அடர்ந்த மயிர் கிடையாது. மூன்றாவது, குணம். இது கண்ணால் கண்டதைத் துரத்தும் வேட்டைநாய் மரபு, வீட்டில் ஓரிருவரிடம் மட்டுமே மனம் ஒட்டும். அடித்துப் பழக்கினால் பணிந்துவிடாது. ஒதுங்கும், இல்லையென்றால் திருப்பிக் கடிக்கும்.

வாங்குமுன் மூன்று அளவு

தையல் டேப் ஒன்று போதும். கழுத்தின் நடுப்பகுதி, காதுக்குச் சற்றுப் பின்னால் கழுத்தின் மேல்முனை, காதுகளை ஒட்டித் தலையின் அகலமான இடம். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தலையின் சுற்றளவு கழுத்தைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால் சாதாரணப் பெல்ட் நிற்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதை நம்பிச் சாலைக்குப் போக முடியாது.

சாதாரண அகலப் பெல்ட்

வீட்டுக்குள்ளும் காம்பவுண்டுக்குள்ளும் இதுவே போதும். பெயரும் போன் நம்பரும் பொறித்த தகடு தொங்கவிட இதைவிட நல்ல இடம் கிடையாது. வளர்ந்த நாய்க்கு நான்கு சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். ஒல்லிப் பட்டை இழுக்கும்போது ஒரே கோட்டில் அறுக்கும், அகலப் பட்டை அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும்.

தோல் பெல்ட் உழைக்கும், ஆனால் மழையில் நனைந்தால் விறைக்கும். மலிவான சாயத்தோல் நனைந்தால் வெள்ளைக் கழுத்தில் பழுப்பு வளையம் விழும். நைலான் சீக்கிரம் காயும், துவைக்கலாம். விளிம்பு கரடுமுரடாக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். எதுவானாலும் வாரம் ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள், உண்ணி பதுங்கும் இடங்களில் பெல்ட்டின் அடியும் ஒன்று.

மார்ட்டிங்கேல்

சாலையில் அழைத்துப்போக என் முதல் சிபாரிசு இதுதான். கிரேஹவுண்டு போன்ற ஒல்லித்தலை ஓட்ட நாய்களை வளர்ப்பவர்கள் உலகெங்கும் பயன்படுத்துவதும் இதுவே. இதில் இரண்டு வளையம் இருக்கும். பெரியது கழுத்தைச் சுற்றும், சிறியதில் கயிறு மாட்டப்படும். நாய் பின்னால் இழுத்தால் சிறிய வளையம் பெரியதைச் சுருக்கும். ஓர் அளவோடு அந்தச் சுருக்கம் நின்றுவிடும். கழுத்தை நெரிக்காது, தலை வழியாக உருவவும் விடாது.

அளவு தவறினால் இதன் பயன் போய்விடும். முழுதும் இறுகிய நிலையில் அது காதுக்குப் பின்னால் எடுத்த அளவுக்குச் சரியாக வர வேண்டும். அந்த நிலையில் இரண்டு இரும்பு வளையமும் ஒன்றையொன்று முட்டினால் பெல்ட் பெரிது, தலை உருவிக்கொள்ளும். நடுவில் இரண்டு விரல் இடைவெளி நிற்க வேண்டும். நடை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். தொங்கும் சிறிய வளையம் கேட்டிலோ வேலிக்கம்பியிலோ மாட்டினால் ஆபத்து.

பாடி பெல்ட்

கயிற்றை இழுத்துக்கொண்டே நடக்கும் நாய்க்கும், கழுத்தில் புண்ணோ இருமலோ உள்ள நாய்க்கும் இது நல்லது. கழுத்துப்பட்டையை நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, பாடி பெல்ட்டில் அப்படிக் கூடுவதில்லை என்று 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மார்பின் முன்பக்கம் வளையம் உள்ளதாகப் பாருங்கள். நாய் இழுக்கும்போது உடம்பு பக்கவாட்டில் நம் பக்கமே திரும்பும், இழுப்பு தானாகத் தளரும். முதுகில் மட்டும் வளையம் உள்ளது, வண்டிமாட்டுக்கு நுகத்தடி மாதிரி, இழுக்க வசதி செய்துகொடுக்கும்.

இந்த இனத்துக்கு ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. இரண்டு பட்டை மட்டுமுள்ள பாடி பெல்ட்டிலிருந்தும் பின்வாங்கி நழுவிவிடும். விலா எலும்பு முடியும் இடத்தில் மூன்றாவது பட்டை உள்ளது பாதுகாப்பு. முதல் சில நாள் நடந்து வந்ததும் முன்னங்கால் அக்குளைத் தடவிப் பாருங்கள், தோல் சிவந்திருந்தால் பட்டை அதிகம் முன்னால் இருக்கிறது.

தோப்பில் நீளக் கயிறு கட்டி, கூப்பிட்டால் வரப் பழக்குகிறவர்கள் அந்தக் கயிற்றைப் பாடி பெல்ட்டில்தான் மாட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓடும் நாய் கயிறு முடியும் இடத்தில் நிற்கும்போது அந்த அடி கழுத்தில் விழக்கூடாது. அதே காரணத்தால், மூக்கின் மேல் மாட்டும் முகப்பட்டையையும் திடீரென்று பாயும் இந்த நாய்க்கு நான் சொல்லமாட்டேன்.

சோக் செயினும் முள் பெல்ட்டும்

பழைய பயிற்சியாளர்கள் முதலில் கையில் எடுப்பது சோக் செயின். இழுத்தால் சுருங்கும், சுருங்குவதற்கு எல்லை கிடையாது. சரியாகச் சுண்டி உடனே விடத் தெரிந்தவர் கையிலேயே அது வலியைக் காட்டித்தான் வேலை செய்கிறது. மற்றவர் கையில் மூச்சுக்குழாய்க்கே ஆபத்து. அது ராஜபாளையத்துக்கு இரட்டிப்பு நட்டம். மயிர் உதிர்ந்து கழுத்தில் கருத்த தடம் விழும். அதைவிட மோசம், அந்த வலியை நாய் கயிறு பிடித்தவரோடோ எதிரே வந்தவரோடோ முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஏற்கெனவே அந்நியரைச் சந்தேகப்படும் நாய், அந்நியர் வரும்போதெல்லாம் கழுத்து வலித்தால் என்ன முடிவுக்கு வரும்?

உள்பக்கம் முள் வைத்த பெல்ட்டுக்கும் இதே பதில்தான். பயிற்சிக்கு அதைப் பயன்படுத்த ஜெர்மனி 2022 முதல் தடை விதித்திருக்கிறது. இமயமலைப் பக்கம் மந்தைநாய்களுக்குச் சிறுத்தையிடமிருந்து காக்க மாட்டும் முள்வளையம் வேறு, அதில் முள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஷாக் பெல்ட்டும் அதிர்வு பெல்ட்டும்

பெரிய நாய்க்குப் பயிற்சிப் பட்டை என்று ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து விழுவது ரிமோட்டில் மின்னதிர்ச்சி கொடுக்கும் இதுதான். வேல்ஸில் 2010 முதல் இதற்குத் தடை. தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதைவிட இது மேலான பலன் தரவில்லை என்று இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு 2014-இல் சொன்னது. தீனி கொடுத்தே முடிகிற காரியத்துக்கு மின்சாரம் எதற்கு?

அதிர மட்டும் செய்யும் பெல்ட் ஒரே இடத்தில் உண்மையில் உதவும். வெள்ளை நாய்களில் நிறமிக் குறைவோடு சேர்ந்து பிறவிச் செவிடு வருவதுண்டு, ராஜபாளையத்திலும் அது உண்டு. குட்டி தூங்கும்போது அதன் பார்வைக்குப் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். காற்றோ தரை அதிர்வோ எட்டாத தூரத்திலிருந்து தட்ட வேண்டும். பலமுறை தட்டியும் காது அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாய்க்கு அதிர்வு என்றால் ‘என்னைத் திரும்பிப் பார்’ என்று பொருள். ஒவ்வோர் அதிர்வுக்கும் பிறகு ஒரு துண்டு தீனி கொடுத்துத்தான் அந்தப் பொருளை அதற்குப் புரியவைக்க முடியும். ஷாக் வசதி அறவே இல்லாத பெல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

எந்த நாய்க்கு எது

• ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டி: லேசான நைலான் பெல்ட். கழுத்து வேகமாகப் பெருக்கும், வாராவாரம் அளவு பாருங்கள். தளர்த்த மறந்தால் பெல்ட் தோலுக்குள் பதிந்து புண்ணாகும்.
• வளர்ந்த நாய், சாலை நடை: மார்ட்டிங்கேல்.
• இழுக்கும் நாய், கழுத்துக் கோளாறு உள்ள நாய்: மார்பு வளையமும் மூன்று பட்டையும் உள்ள பாடி பெல்ட்.
• வெடிக்கும் கூட்டத்துக்கும் மிரளும் நாய்: மார்ட்டிங்கேலும் பாடி பெல்ட்டும் சேர்த்து, இரண்டிலும் கயிறு. தீபாவளிக்கும் ஆடிப்பூரத் தேருக்கும் வெளியே அழைத்துப் போகாமலிருப்பது அதைவிட நல்லது.
• காட்டோரத் தோப்பு: கயிறில்லாமல் விடவே கூடாது. 2021 முதல் மேற்கே இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். நாய் மானைத் துரத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.
• செவிட்டு நாய்: மேற்சொன்னவற்றோடு அதிர்வு பெல்ட்.

மாட்டிய பிறகு

பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். வீட்டு வாசலுக்குள்ளேயே நாயின் முன்னால் நின்று கயிற்றை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். அது பின்வாங்கும்போது பெல்ட் காதைத் தாண்டினால் அந்தப் பெல்ட்டோடு தெருவுக்குப் போகாதீர்கள். கயிறு தளர்ந்திருக்கும் நேரத்திலெல்லாம் ஒரு துண்டு கருவாடோ வேகவைத்த ஈரலோ கொடுங்கள். இழுத்தால் நின்றுவிடுங்கள், தளர்ந்தால் நடங்கள். பழக்கும் வேலை முழுதும் இதில்தான் நடக்கிறது. பட்டை அதுவரைக்கும் நாயைப் பத்திரமாகப் பிடித்துவைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இழுத்துத் தள்ளுகிறது என்றால் பெல்ட்டை மாற்றுமுன் நாயின் அன்றாடத்தைப் பாருங்கள். பகலெல்லாம் சங்கிலியில் கிடந்துவிட்டு மாலையில் பத்து நிமிடம் வெளியே வரும் ஓட்ட நாய் எந்தப் பட்டையிலும் இழுக்கத்தான் செய்யும். கட்டியே போட்டிருக்கும் நாயை நடமாட விடாமல் வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட. காலையில் வெயில் ஏறுமுன் ஒரு நீண்ட நடையும் மாலையில் இன்னொன்றும் முதலில் வரட்டும். அதற்குப் பிறகு நல்ல மார்ட்டிங்கேல் ஒன்று வாங்கினால் பெரும்பாலான ராஜபாளையம் நாய்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது.