கிறிஸ்துமஸ் பிஸ்கட் அலங்கார விழா நடத்துவது எப்படி?

முன்னுரை

ஆண்டு மலரில் கான்கிரீட், சர்வே என்று எழுதாமல் இவன் பிஸ்கட் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். போன டிசம்பரில் எங்கள் விடுதியில் 30 பேர் சேர்ந்து கிறிஸ்துமஸ் பிஸ்கட் அலங்கார விழா ஒன்று நடத்தினோம். அதில் நான் படித்த பாடம்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் வரலாறு

பிஸ்கட் மேல் சர்க்கரைப் பூச்சால் படம் வரைவது ஐரோப்பாவில் வளர்ந்த வழக்கம். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம் தேனும் மசாலாவும் சேர்த்த 'லெப்குக்கன்' என்ற பிஸ்கட்டுக்குப் பேர் போனது. சுற்றியிருந்த காடுகளில் தேன் கிடைத்தது. வணிகப் பாதையில் மசாலா வந்தது. அந்தக் காலத்தில் மிளகும் ஏலமும் நம்ம மலபார் கரையிலிருந்து கப்பலேறிப் போன சரக்குகள்தாம். வேறு ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று 1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பும் கொடுத்தது. 1812-ல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதைத் தொகுப்பில் தின்பண்டத்தால் கட்டிய வீடு ஒன்று வரும். அதன் பிறகு பிஸ்கட்டால் வீடு கட்டி அலங்கரிப்பதும் பிரபலமானது. நம் நாட்டில் 1883-ல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி.

முதல் வேலை: பங்கு கேட்பது

சாமான் வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதுதான். முதல் வருடம் ஒரு விழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்தார்கள். கொடுக்காதவர்கள் பெயரைப் போர்டில் எழுதிப் போட்டார்கள். என் பெயர் மூன்றாவதாக இருந்தது. வயிற்று வலி என்று பொய் சொல்லி ரூமில் படுத்துக்கொண்டேன். கீழே பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். வீட்டுக்குப் போன் செய்து காசு கேட்க மனசு வரவில்லை.

அதனால் இந்த முறை நாங்கள் ஆறு பேர் ஒரு முடிவு எடுத்தோம். லிஸ்ட் கிடையாது. மூடியில் ஓட்டை போட்ட டப்பா ஒன்றைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தோம். முடிந்தவர்கள் முடிந்ததைப் போடலாம். கடைசியில் 84 ரூபாய் குறைந்தது. அதை ஆறு பேரும் பகிர்ந்துகொண்டோம். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

மாவு: 1:2:3

சிவில் மாணவர்களுக்கு 1:2:4 கலவை தெரியும். பிஸ்கட்டுக்கு 1:2:3. அதாவது சர்க்கரைத் தூள் 1 பங்கு, வெண்ணெய் 2, மைதா 3. இது எடைக் கணக்கு, கன அளவு அல்ல. நாங்கள் எடுத்தது 250 கிராம் சர்க்கரை, 500 கிராம் வெண்ணெய், 750 கிராம் மைதா. மொத்தம் ஒன்றரைக் கிலோ. ஒரு பிஸ்கட்டுக்கு 25 கிராம் வீதம் 60 பிஸ்கட். ஆளுக்கு இரண்டு.

மாவைச் சப்பாத்திக்குப் பிசைவது போல் அடித்துப் பிசையக் கூடாது. அப்படிச் செய்தால் குளூட்டன் இறுகி பிஸ்கட் ரப்பர் மாதிரி ஆகிவிடும். சேர்ந்தால் போதும். பேக்கிங் பவுடரும் வேண்டாம், உப்பி வடிவம் கெட்டுவிடும். 5 மில்லி மீட்டர் கனத்தில் தேய்த்து, டம்ளர் விளிம்பால் வட்டம் வெட்டினோம். 60 டிகிரி செட்ஸ்கொயர் வைத்து அட்டையில் ஆறுமுனை நட்சத்திரம் வரைந்து, அதை மாவின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டினோம்.

விடுதியில் அவன் கிடையாது. பக்கத்து பேக்கரி அண்ணன் பன் எடுத்து முடித்ததும் எங்கள் தட்டுகளை உள்ளே வைத்துக் கொடுத்தார். வீட்டு அவன் என்றால் 170 டிகிரி செல்சியஸ், 12 முதல் 15 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். முழுக்க ஆறின பிறகே பூச்சு. சூட்டில் பூசினால் உருகி வழியும்.

பூச்சு: தண்ணீர்தான் எல்லாம்

முறைப்படி முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரைத் தூளும் சேர்த்து அடிப்பார்கள். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. எங்களில் முட்டை சாப்பிடாதவர்களும் இருந்தார்கள். எனவே சர்க்கரைத் தூளும் ஆறவைத்த வெந்நீரும் மட்டும். தூளை நன்றாகச் சலிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோனில் அடைத்துக்கொள்ளும்.

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். அரைக் கிலோ தூளில் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டிவிட்டோம். கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. எங்கள் அம்மா சித்தாள் வேலை பார்க்கிறவர். போன் செய்து சொன்னேன். "ஏண்டா தம்பி, கலவைக்கு யாராவது மொதல்லயே தண்ணிய ஊத்துவாங்களா? தெளிச்சுத் தெளிச்சுக் கலக்கணும். கரண்டியில எடுத்தா தொங்கணும், ஒழுகக் கூடாது" என்றார். வாட்டர்-சிமெண்ட் ரேஷியோவை நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். அம்மா அதைக் கையால் தெரிந்து வைத்திருக்கிறார். மறுபடி சர்க்கரை வாங்கி வந்து ஆரம்பித்தோம்.

அரைக் கிலோவுக்கு 4 மேசைக்கரண்டி தண்ணீரில் ஆரம்பியுங்கள். இரண்டு பதம் வேண்டும்:

1. கெட்டிப் பதம் – ஓரக் கோடு போட. கோடு போட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.
2. இளகல் பதம் – உள்ளே நிரப்ப. கத்தியால் ஒரு கோடு கிழித்தால் சுமார் 10 விநாடியில் அது மூடிக்கொள்ள வேண்டும். நம்ம ஸ்லம்ப் டெஸ்ட் மாதிரி இதுவும் ஒரு டெஸ்ட்!

பட்டர் பேப்பரை மருதாணி கோன் போலச் சுருட்டினால் கோன் தயார். ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்த நிறம். அவசரப்பட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும். மழைக்கால ஈரத்தில் ராத்திரி முழுக்க காயவிடுவது நல்லது. அதுவரை ஒன்றன் மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

நிறம்: கவனம் தேவை

கண்ட கலர்ப் பொடியை வாங்காதீர்கள். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு நிறமூட்டிய பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். நாங்கள் பீட்ரூட் சாறு, மஞ்சள் தூள், கீரைச் சாறு மூன்றை மட்டும் பயன்படுத்தினோம். சாறும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

முடிவுரை

ஒரு மேசைக்கு ஆறு பேர், மூன்று நிறம், ஒரு ஈரத்துணி. இவ்வளவு இருந்தால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். கை நடுங்குகிறது என்று ஒதுங்குபவர்களை நிரப்பும் வேலைக்கு விடுங்கள். அதற்குக் கை நேராக இருக்க வேண்டியதில்லை. யாராவது தலைவலி, வயிற்று வலி என்று ரூமில் இருந்தால் ஒருவர் போய்க் கூப்பிட வேண்டும். இது செய்முறையிலேயே சேர்ந்த ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பங்கில் ஒரு நட்சத்திரத்தை ஊருக்கு எடுத்துப் போனேன். அம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பூச்சு நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்றார். செய்முறைத் தேர்வில் கிடைக்கும் மார்க்கைவிட அது எனக்குப் பெரிசாக இருந்தது.



– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்