சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்

சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நம்மில் பலர் கடைசி வரியிலுள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு, அதை மடித்துப் பையில் வைத்துவிடுகின்றனர். நடுவிலுள்ள சுருக்கப் பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று கேட்பதில்லை. விபத்தோ மரணமோ நேரும்போது குடும்பத்தைத் தாங்குவது அந்த வரிகளில் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாதம் 2,000 வெள்ளி பெறும், 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளி ஒருவரின் சீட்டை உதாரணமாகக் கொள்வோம்.

1. இ.பி.எப். அல்லது கே.டபிள்யூ.எஸ்.பி.

இது 1951-ல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதி. தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 11, அதாவது 220 வெள்ளி. முதலாளி நூற்றுக்கு 13 வீதம் 260 வெள்ளி சேர்க்க வேண்டும். இது இன்ஷூரன்ஸ் அன்று. உங்கள் சொந்தச் சேமிப்பு.

2. சொக்சோ அல்லது பெர்க்கேசோ

இதுவே 1969-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சமூகக் காப்புறுதி. தொழிலாளி 9 வெள்ளி 75 காசும், முதலாளி 34 வெள்ளி 15 காசும் செலுத்துவர். இதில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று வேலை விபத்துக்கானது; வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்தும் இதில் சேரும். மற்றொன்று, நோயினால் உழைக்க இயலாமற் போனவருக்கும், இறந்தவரின் மனைவி மக்களுக்கும் மாதப் பென்ஷன் தருவது.

3. இ.ஐ.எஸ். அல்லது எஸ்.ஐ.பி.

2018-ல் தொடங்கிய வேலைக் காப்புறுதி. இருவரும் தலா 3 வெள்ளி 90 காசு செலுத்துவர். ஆட்குறைப்பில் வேலை இழந்தவர் 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமாகவே ராஜினாமா செய்தவருக்குப் பொதுவாக இது கிடையாது.

4. பி.சி.பி.

இது வருமான வரி, காப்புறுதி அன்று. நம் உதாரணத் தொழிலாளிக்கு இப்பிடித்தம் இராது. வரி கட்டுவோர் சம்பளத்தின் வழி ஜகாத் செலுத்தினால், அத்தொகை வரியிலிருந்து கழிக்கப்படும்.

ஆக மொத்தப் பிடித்தம் 233 வெள்ளி 65 காசு. கைக்கு வருவது 1,766 வெள்ளி 35 காசு. முதலாளியின் பங்கை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்ட விரோதம்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது

பிடித்தல் வேறு, செலுத்துதல் வேறு. சீட்டில் எழுதியிருப்பதனால் மட்டும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாகாது. அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் முதலாளி அதைச் செலுத்தியாக வேண்டும். சேமநிதிக்கென்று பிடித்த பணத்தைச் செலுத்தாதிருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சொக்சோவின் முழு இயலாமைப் பென்ஷனுக்கு, பொதுவாகத் தொடர்ச்சியான 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கணக்கிலிருக்க வேண்டும். மாதங்கள் விடுபட்டிருந்தால், துக்கத்திலிருக்கும் ஒரு விதவை ஆதாரம் தேடி அலைய நேரும்.

தமிழகத்திலிருந்து வந்து நம் கடைகளில் உழைப்போரும் இதை அறிய வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வேலை விபத்துக் காப்பு 2019-லும், இயலாமைக் காப்பு 2024 ஜூலையிலும் வந்தன. 2025 அக்டோபர் சம்பளம் முதல் சேமநிதியும் உண்டு. இரு தரப்பும் தலா நூற்றுக்கு 2.

செய்ய வேண்டியவை மூன்று: சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சேமநிதிக் கணக்கையும் சொக்சோ பதிவையும் அவ்வப்போது சீட்டோடு ஒப்பிடுங்கள். அவை எங்கே இருக்கின்றன என்பதை மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பணியாள் வைத்திருக்கும் கடைக்காரச் சகோதரர்களும் 15-ம் தேதியை மறவாதிருப்பார்களாக. அது பிறர் உரிமை. நம் பொறுப்பில் இருக்கும் அமானிதம்.