சான் பிரான்சிஸ்கோவுக்கு எது குறுக்கு வழி?

கேள்வி: 2021-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேராக வந்த முதல் ஏர் இந்தியா விமானம் வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்ததாமே? அமெரிக்காவுக்குக் கிழக்கேயோ மேற்கேயோ போகாமல் வடக்கே போவானேன்? அங்கே போகும் நேரமும் அங்கிருந்து வரும் நேரமும் வேறுபடுவது எதனால்? என் மகள் அவ்வூரில் இருப்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சுவரில் தொங்கும் தேசப்படம் உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டுவதால், அதில் நேர்க்கோடாகத் தெரிவது உண்மையில் சுற்றுவழியாக இருப்பதுண்டு. பூகோள உருண்டை ஒன்றில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அது நேபாளம், திபெத்து, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, ஆர்க்டிக் சமுத்திரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவில் இறங்கும். அந்த நூலின் தூரம் ஏறத்தாழ 13,993 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், துருவத்தையே தொட்டுக்கொண்டு போனாலும் சுமார் 400 கிலோமீட்டர்தான் கூடுகிறது.

ஆயினும் விமானி நூலின் மேலேயே பறப்பதில்லை. திபெத்துப் பீடபூமியின் தரை சராசரியாக நாலரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்க, விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால் பிரயாணிகள் சுவாசிப்பதற்காக மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும் என்பதால், அந்தப் பிரதேசத்தைக் கூடியவரை தவிர்க்கிறார்கள்.

நூலின் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். கேப்டன் சோயா அகர்வாலின் தலைமையில், விமானிகள் யாவரும் பெண்களாகவே இருந்து ஓட்டி வந்த அந்த விமானத்துக்கோ 17 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடக் காரணம் காற்று: விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு அருகே அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சகஜம். இங்கிருந்து போகிறவர்கள் பசிபிக் மார்க்கமாகச் சென்று அந்தக் காற்றின் துணையைப் பெறுகிறார்கள்; திரும்புகையில் அதுவே எதிர்க்காற்றாகிவிடும் என்பதால், அதன் உக்கிரம் குறைந்த வடதிசையை நாடுவதில் எரிபொருளும் மிச்சமாகிறது. துருவப் பிரதேசத்துக் கடுங்குளிரில் எரிபொருள் உறைந்துவிடாதபடி அதன் உஷ்ணநிலையை விமானிகள் இடைவிடாமல் கவனித்து வருவது, நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய உழைப்பு.

அவ்விமானம் ஜனவரி 9 இரவு எட்டரைக்குப் புறப்பட்டு, 11-ஆம் தேதி விடியுமுன் பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் கடிகாரம் நம்முடையதைவிடக் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணியும், கோடையில் பன்னிரண்டரை மணியும் பின்தங்கியது. ஆகையால் உங்கள் மகள் அத்தகைய நேர் விமானத்தில் சனிக்கிழமை இரவு புறப்படுவதாகச் சொன்னால், அழைத்துவரத் திங்கட்கிழமை அதிகாலையில் போங்கள்.