பூஞ்சணம் செய்த மருந்து

பாலைத் தயிராக்குவனவும் பனஞ்சாற்றைக் கள்ளாக்குவனவும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே என்பதை நாம் அறிவோம். அவை மருந்து செய்யும் தொழிலிலும் வல்லன. வேதியியலறிஞர் அரிதின் முயன்று பல படிகளிற் செய்ததை ஒரு பூஞ்சணம் ஒரே படியிற் செய்து முடித்த வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குப் பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர் கோட்டிசோன் என்னும் மருந்தைக் கொடுத்தார். சில நாள்களில் அப்பெண் எழுந்து நடமாடினார். உலகம் வியந்தது. ஆயின், மருந்தோ கிடைத்தற்கரிதாயிருந்தது. மாட்டுப் பித்தத்திலிருந்து பெற்ற அமிலத்தை முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் மாற்றியே அதனைச் செய்தனர். ஒரு கிலோகிராம் மருந்துக்கு 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட அமிலம் வேண்டியிருந்தது. ஒரு கிராமின் விலை 200 டொலர். நோயாளர் பலர், மருந்து பெற்றோர் சிலர்.

இவ்விடர்ப்பாட்டுக்குக் காரணம் யாது? கோட்டிசோன் மூலக்கூறில் 11ஆம் இடத்துக் காபனோடு ஓர் ஒட்சிசன் அணு இணைந்துள்ளது. மருந்தின் ஆற்றலுக்கு அது இன்றியமையாதது. அதனை அவ்விடத்தில் அமைப்பதே பெரும்பாடாயிற்று.

மெக்சிக்கோவின் காடுகளில் ஒருவகை வள்ளிக்கிழங்கு விளைகின்றது. அது நம் இராசவள்ளிக்கு உறவானது. அதிலுள்ள தயோசெனின் என்னும் பொருளிலிருந்து புரோசெத்தரோனை மலிவாகச் செய்யும் வழியை 1940களின் தொடக்கத்தில் இரசல் மார்க்கர் கண்டிருந்தார். புரோசெத்தரோன் கோட்டிசோனுக்கு நெருங்கிய அமைப்புடையதே. எனினும், அதன் 11ஆம் இடம் வெறுமையாயிருந்தது. வேதிப்பொருள்கள் வினைபுரிதற்குப் பற்றுக்கோடாகத்தக்க அணுக்கூட்டம் எதுவும் அவ்விடத்துக்கு அண்மையில் இல்லை.

1952இல் அப்ஜோன் நிறுவனத்தின் பீற்றர்சன், மரே என்னும் இருவர், பழைய பாணிற் படரும் பூஞ்சணத்தின் உறவான றைசோப்பசு வளர்ந்த நீர்மத்துள் புரோசெத்தரோனை இட்டனர். பூஞ்சணம் 11ஆம் இடத்திலேயே ஒட்சிசனைச் சேர்த்துக் கொடுத்தது! எஞ்சிய மாற்றங்களை வேதியியலார் எளிதில் முடித்தனர்.

இவ்வருஞ்செயலைச் செய்தது பூஞ்சணத்தின் நொதியம். பூட்டின் துளைக்கேற்பத் திறவுகோல் பொருந்துவது போல மூலக்கூறு நொதியத்தின் குழிவினுட் பொருந்துகின்றது. அப்போது 11ஆம் காபனே அங்குள்ள இரும்பணுவை நோக்கி நிற்கின்றது. ஒட்சிசனும் அக்காபனையே அடைகின்றது. கடுவெப்பமும் வேண்டா, கொடிய அமிலமும் வேண்டா.

ஒரு கிராமின் விலை 6 டொலராக வீழ்ந்தது. 1955இல் வேறொரு நுண்ணுயிர், பற்றீரியா, கோட்டிசோனிலிருந்து இரண்டு ஐதரசன் அணுக்களை நீக்கி, அதனினும் வலிய பிரெட்னிசோனை ஆக்கித் தந்தது. இம்மருந்துகள் மூட்டுவாதத்தை வேரறுப்பனவல்ல. அதன் துன்பத்தைத் தணிப்பன. அளவின்றி நெடுநாள் உட்கொள்ளின் எலும்பை நலிவிப்பன. ஆதலின் மருத்துவர் சொற்படியே கொள்ளத்தக்கன.

கெட்டுப்போனதென்று நாம் எறியும் பாணில் வாழ்வதன் இனம், முடங்கியோர் பலரை எழுந்து நடக்கச் செய்தது. மாணவர்காள், அற்பமென்று எதனையும் ஒதுக்கற்க, உற்று நோக்குக.