தாகம் வராத குளிர்

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சின் பனிமலையில், சோனம் என்ற ராணுவ போஸ்ட்டைப் புதைத்த பனிச்சரிவில் மதராஸ் ரெஜிமென்ட் ஆட்கள் 10 பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் எங்கள் தேனி மாவட்டம், குமணன்தொழுக்காரர். அதற்கப்புறம் சியாச்சின் என்றால் என்னவென்று இந்தப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போடியில் பட்டாளத்துக்குத் தயாராகும் பையன்கள், அங்கே இருந்துவிட்டு வந்த என்னிடம், "அண்ணே, அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார்கள். தண்ணீருக்கு என்ன செய்வோம் என்று ஒருத்தனும் கேட்பதில்லை. சுற்றிலும் பனிதானே!

அந்தப் பனியைத் தண்ணீராக்க மண்ணெண்ணெய் வேண்டும். சட்டி நிறைய அள்ளிப் போட்டாலும் உருகினால் அடியில் கொஞ்சம்தான் தேறும். வெறும் சட்டியில் பனியைப் போட்டு ஸ்டவ்வில் ஏற்றினால் அடிபிடித்த வாடை வரும். முதலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிச் சூடாக்கி, அதில் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பனியை அப்படியே வாயில் போட்டுக்கொள்வது கூடவே கூடாது. அதை உருக்க உடம்பு தன் சூட்டைச் செலவழிக்கும்.

குளிரில் தாகம் எடுக்காது. ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வாங்க வாங்க ஈரம் வெளியே போகும், சிறுநீரும் அதிகமாகப் பிரியும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். போதுமா என்பதைப் பனியே காட்டிவிடும்: ஒன்றுக்குப் போன இடம் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்திருந்தால் உடனே ஒரு குவளை வெந்நீர். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேல்பக்கம்தான் முதலில் உறையும் என்பதால் மூடி அடைக்காது. ராத்திரி அது ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு படுக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 18,000 அடியில் தண்ணீர் 82 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. மைசூரில் 1961-இல் தொடங்கிய ராணுவ உணவு ஆய்வகம் உருவாக்கிய பாக்கெட் சாப்பாட்டை வெந்நீரில் போட்டுச் சூடாக்கித் தின்னலாம். தின்ன மனசு வேண்டுமே! அந்த உயரத்தில் பசி செத்துவிடும். தட்டு நிறையச் சாப்பிட முயலாதீர்கள். முந்திரி, சாக்லேட், கடலைமிட்டாய் என்று மணிக்கொரு வாய் போடுங்கள். உள்சட்டைப் பையில் வைக்காவிட்டால் கல்லாக உறைந்துவிடும், கடித்தால் பல்தான் போகும். வீட்டிலிருந்து வந்த ஏலக்காயை நசுக்கி டீயில் போட்டால், அந்த வாசனைக்காகவே இரண்டு குவளை இறங்கும். எங்கள் ஊர்ச் சரக்கு என்பதற்காகச் சொல்லவில்லை.

குளிரில் தாகம் எடுக்காது என்பது எங்கள் மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கும் பொருந்தும். மார்கழி மூடுபனியில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் மத்தியானம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுக்கவில்லை என்பார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லை என்பது அவர்கள் சொல்லாத காரணம். காய் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்துவிட்டு, அப்புறம் தண்ணீர் குடியுங்கள் என்று புத்தி சொல்லலாம்.